டம்ப் விழுந்ததா?

சர்வர் நின்றுவிட்டது என்று யாராவது போன் செய்தால் எங்கள் தொழிலில் முதலில் கேட்பது "திரும்ப வந்துடுச்சா?" என்பதைத்தான். வாடிக்கையாளருக்கும் அதுதான் தெரிய வேண்டும், மேலாளருக்கும் அதுதான் தெரிய வேண்டும். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "டம்ப் விழுந்ததா?" இந்த வாரம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

லினக்ஸ் எந்திரத்தின் மையத்தில் இருப்பது கெர்னல். நினைவகம், வட்டு, நெட்வொர்க் அட்டை, ஓடும் நிரல்கள் எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு நிரல் விழுந்தால் கெர்னல் அதை அப்புறப்படுத்திவிட்டு மற்றவற்றை ஓட்டும். கெர்னலே தொடக் கூடாத இடத்தைத் தொட்டுவிட்டால் அதைத் தாங்குவதற்கு மேலே வேறு ஆளில்லை. அப்படியே ஓடினால் வட்டில் உள்ள தரவு கெட்டுப்போகலாம் என்பதால் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. இதற்குத்தான் கெர்னல் பேனிக் என்று பெயர். எந்த டிரைவர் தவறியது, எந்த முகவரியைத் தொட்டது, எந்தப் பூட்டுக்காக யார் காத்திருந்தார் என்பதெல்லாம் அந்த நொடியில் நினைவகத்தில் அப்படியே இருக்கும். ரீபூட் செய்தால் போய்விடும். போவதற்கு முன் அதைக் கோப்பாக எடுத்துவைப்பதே கிராஷ் டம்ப்.

அதன் அருமையை உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்புக் கோப்பு, நம் நேரப்படி காலை 9.39-க்கு வெளியானது. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் எந்திரங்கள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குள்ளேயே உலகின் பல மூலைகளிலிருந்தும் பொறியாளர்கள் டம்பைத் திறந்து, எந்த டிரைவர், எந்தச் செல்லாத முகவரியைப் படிக்கப் போய் விழுந்தது என்று சொல்லிவிட்டார்கள். டம்ப் இல்லாதிருந்தால் அந்த நாள் முழுக்க வதந்தியில்தான் போயிருக்கும்.

புதுச்சேரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரை கடந்ததையும், ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்த சில அலுவலகங்கள் அந்த ஒரு மழையோடு மனம் மாறின. கிளினிக் டோக்கன், விடுதி முன்பதிவு, பள்ளிக் கட்டணம் என்று எனக்குத் தெரிந்தவர்களே பலர் எல்லாவற்றையும் மும்பை, ஹைதராபாத் கிளவுடுக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீருக்கும் மின்வெட்டுக்கும் அது நல்ல பதில்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கிளவுடிலும் கெர்னல் விழும். அங்கே விழுந்தால் நேரில் போய்த் திரையைப் பார்க்க முடியாது. விழுந்த காரணத்தை நமக்கு முழுதாகச் சொல்ல டம்ப் ஒன்றுதான் இருக்கிறது.

லினக்ஸில் இன்று எல்லோரும் பயன்படுத்தும் டம்ப் முறையின் பெயர் கேடம்ப். அதை உருவாக்கியதில் பெரும் பங்கு பெங்களூரில் இருந்த ஐபிஎம் லினக்ஸ் குழுவுக்கு உண்டு. விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா, மனீஷ் சோனி ஆகியோர் அங்கிருந்து எழுதினார்கள். எரிக் பீடர்மன் எழுதிய கேஎக்ஸெக் என்ற வசதிதான் அதற்கு அடித்தளம். இரண்டும் 2005 ஆகஸ்டில் வெளியான 2.6.13 கெர்னலோடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. உலகின் ஒவ்வொரு பெரிய லினக்ஸ் வினியோகத்திலும் இன்று அந்த முறை இருக்கிறது. அது பெங்களூரில் பிறந்த வேலை என்பது நம் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடத்தில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு முன்பிருந்த முறைகளில் ஒரு அடிப்படைக் குறை இருந்தது. விழுந்த கெர்னலே தன் டிரைவர்களை வைத்துத் தன் டம்பை எழுத வேண்டும். வட்டு டிரைவர்தான் கெட்டுப்போனது என்றால் எதை நம்பி எழுதுவது? எழுதும்போதே நல்ல தரவின் மேல் எழுதிவிட்டால்? பெங்களூர்க் குழு இதைத் தலைகீழாக மாற்றியது. எந்திரம் நலமாக இருக்கும்போதே நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே இன்னொரு சிறிய கெர்னலை ஏற்றித் தயாராக வைத்துவிடுவது. முதல் கெர்னல் விழுந்ததும் ஓட்டம் நேரே இரண்டாவதற்குத் தாவும். அது ஒதுக்கப்பட்ட மூலைக்குள் மட்டும் வாழ்ந்துகொண்டு, விழுந்தவரின் நினைவகத்தைத் தொடாமல் படித்து, கோப்பாக எழுதிவிட்டு, எந்திரத்தை ரீபூட் செய்யும்.

செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. 1955-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு, கேடம்ப் பிறந்த அதே 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஏடு செல்லரிக்கத் தொடங்கினால், அழியும் ஏட்டின் மேலேயே யாரும் எழுதுவதில்லை. புதிய ஏட்டை எடுத்து, வேறொரு கை, பழையதைப் பார்த்து அப்படியே படியெடுக்கும். இரண்டாம் கெர்னல் செய்வது அந்தப் படியெடுப்பைத்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கடினமான இடம் இருக்கிறது. கிளவுடில் தடுமாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சாதாரண ரீபூட்டில் முதலில் ஃபர்ம்வேர் எழுந்து, எல்லாக் கருவிகளையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, பிறகே கெர்னலிடம் ஒப்படைக்கும். கேடம்பில் ஃபர்ம்வேருக்கு வேலையே இல்லை. அதை நடுவில் விட்டால் நினைவகம் அழிந்துவிடும். எனவே இரண்டாம் கெர்னல் கண் விழிக்கும்போது வட்டுக் கட்டுப்பாட்டகமும் நெட்வொர்க் அட்டையும் பழைய கெர்னல் கொடுத்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பழைய முகவரிகளுக்குத் தரவை எழுதிக்கொண்டிருக்கும், குறுக்கீடுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். நடுவேலையில் இருக்கும் கருவியை அடக்கி, தன் பேச்சைக் கேட்க வைக்கும் பொறுப்பு டிரைவரின் தலையில் விழுகிறது. ஒரு கருவி இதற்கு ஒத்துழைக்கும், இன்னொன்று ஒத்துழைக்காது. ஒரே கெர்னல், ஒரே அமைப்பு, ஒரு வகை எந்திரத்தில் டம்ப் விழும், பக்கத்து வகையில் விழாது என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அமேசான் கிளவுடை எடுத்துக்கொள்வோம். 2006 முதல் அவர்களின் எந்திரங்கள் ஸென் என்ற மெய்நிகராக்க மென்பொருளின் மேல் ஓடின. ஸென்னுக்கும் அதன் மேல் ஓடும் நம் கெர்னலுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தங்கள் இரண்டாம் கெர்னலுக்குத் தெரியாது என்பதால் கேடம்ப் அங்கே தொடர்ந்து திணறியது. 2015-இல் ரெட் ஹாட் பொறியாளர் விடாலி குஸ்னெட்சோவ் அந்த ஒப்பந்தங்களை மென்மையாக அழித்து மறுபடி தொடங்கும் வழியை ஸென்னுக்குள் எழுதினார். 2017 நவம்பரில் ஸென்னுக்கு மாற்றாக நைட்ரோ என்ற ஏற்பாடு வந்தது. நெட்வொர்க்கும் வட்டும் தனி அட்டைகளுக்குப் போய்விட்டன. தொலைவில் எங்கோ இருக்கும் ஈபிஎஸ் என்ற வட்டுகூட நம் எந்திரத்துக்குள் என்விஎம்ஈ என்ற வகை வட்டாகத் தெரியும். நெட்வொர்க்குக்கு ஈஎன்ஏ என்ற தனி டிரைவர். வேகத்தில் பெரிய பாய்ச்சல் இது, மறுப்பதற்கில்லை. பழைய கோளாறுகள் போய்ப் புதிய கோளாறுகளும் கூடவே வந்தன.

அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளவுட் வன்பொருளின் இயல்பு அதில் தெளிவாகத் தெரிகிறது. நைட்ரோ எந்திரங்களில் கேஎக்ஸெக் வழியாக ஒரு கெர்னலிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பத் திரும்பத் தாவினால் எப்போதாவது ஒருமுறை புதிய கெர்னல் இடிந்து விழுந்தது. எப்போது விழும் என்று சொல்ல முடியாது. உபுண்டுவை வெளியிடும் கேனோனிகலில் அப்போது இருந்த கில்ஹெர்மே பிக்கோலி இதைத் துரத்திக்கொண்டு போனார். ஈஎன்ஏ டிரைவருக்கு, அதை எந்திரத்திலிருந்து கழற்றும்போது செய்ய வேண்டியது தெரியும். கெர்னல் மூடும்போது செய்ய வேண்டியது எழுதப்படவே இல்லை. மூடும் நேரத்தில் கெர்னல் பொதுவாக அட்டையின் நினைவக அணுக்கத்தைத் துண்டித்துவிடும். ஆனால் அட்டைக்குள் பாதியில் நின்ற வேலை அப்படியே கிடக்கும். புதிய கெர்னல் எழுந்து அட்டையை இயக்கியதும், மறந்துபோன அந்தப் பழைய தரவைப் பழைய முகவரியில் அது எழுதிவிடக்கூடும். அந்த முகவரியில் இப்போது இருப்பதோ புதிய கெர்னலின் சொத்து. 2020 மார்ச்சில் அவர் தந்த திருத்தம் சிறியது: மூடும்போது அட்டையை முறையாக நிறுத்திவிட்டுப் போ என்பது மட்டும்தான். அது முதன்மை லினக்ஸுக்குள் சென்று, இன்று அந்த டிரைவரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பலன் தருகிறது.

இது கேஎக்ஸெக்கின் கதை. கேடம்பில் இரண்டாம் கெர்னல் ஒதுக்கப்பட்ட தனி மூலையில் வாழ்வதே இந்த ஆபத்திலிருந்து தப்பத்தான். பழைய அட்டை எங்கே எழுதினாலும் அந்த மூலைக்குள் எழுதாது. ஆனால் பேனிக் நேரத்தில் மூடும் சடங்குகள் எதுவும் நடக்காது, நேரமும் கிடையாது. அதனால் அட்டையின் குறுக்கீடுகள் புதிதாய் எழும் கெர்னலின் மேல் வெள்ளமாய்ப் பாயும். அதே பிக்கோலி 2018-இல் அப்படி ஒரு வெள்ளத்தில் கேடம்ப் மூழ்கியதை ஆராய்ந்து, தொடக்கத்திலேயே எல்லா அட்டைகளின் வாயையும் அடைக்கும் திருத்தங்களை முன்வைத்தார். ரகசியக் கணிப்பு என்று இப்போது விற்கப்படும் எந்திரங்களில் நினைவகமே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அங்கே ஒரு கெர்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கான ஆதரவு முதன்மை லினக்ஸுக்குள் ஒழுங்காக வரத் தொடங்கியதே 2024-இல்தான்.

ஐபிஎம் பவர் எந்திரங்களில் இதற்கு வேறொரு விடை இருக்கிறது. அங்கே ஃபர்ம்வேரே நினைவகத்தை அழிக்காமல் காத்து, கருவிகளை எல்லாம் புதிதாய்த் தொடங்கி வைத்து, பிறகு கெர்னலை எழுப்பும். அடங்காத அட்டை என்ற பிரச்சினையே எழாது. அதை லினக்ஸுக்குள் எழுதியவர் மகேஷ் சல்காவ்ங்கர், அவரும் ஐபிஎம்மின் இந்தியக் குழுவைச் சேர்ந்தவர். என்னைக் கேட்டால் சரியான விடை அதுதான். நாம் வாடகைக்கு எடுக்கும் சாதாரண எந்திரங்களில் அது கிடைக்காது.

கிடைக்கும் எந்திரத்தில் என்ன செய்வது? போன மழைக்காலத்தில் ஒரு கிளினிக்கின் பதிவுச் சர்வர் நின்றது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி லாஸ்பேட்டையிலிருந்து போனில் பேசினான்.

"ணா, ரீபூட் ஆயி வந்துடுச்சு. டோக்கன் ஓடுது."

"டம்ப் விழுந்துச்சாடா?"

"ஃபோல்டர் காலியா இருக்குணா. ஆனா கேடம்ப் ரெடின்னுதான் காட்டுது."

அந்த 'ரெடி' என்ற சொல்லை நம்பக் கூடாது. இரண்டாம் கெர்னல் ஒதுக்கிய இடத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அந்தக் கெர்னல் எழுமா, வட்டைக் கண்டுபிடிக்குமா, எழுதி முடிக்குமா என்பதெல்லாம் விழுந்து பார்த்தால்தான் தெரியும். அதே வகை எந்திரம் ஒன்றைத் தனியாக எடுத்து, வேண்டுமென்றே விழவைத்தோம். கெர்னலுக்கு அதற்கென்றே சிஸ்ஆர்க்யூ என்ற வழி உண்டு, ஒரே ஒரு எழுத்தை அனுப்பினால் விழுந்துவிடும். சீரியல் கன்சோலில் பார்த்தபோது இரண்டாம் கெர்னல் எழுந்தது, டிரைவர்களை ஏற்றியது, நினைவகம் போதாமல் செத்தது.

ஒதுக்கும் அளவு அவ்வளவு முக்கியம். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இன் இயல்பு ஏற்பாட்டில் 4 ஜிபி வரை நினைவகம் உள்ள எந்திரத்துக்கு 192 எம்பி, 64 ஜிபி வரை 256 எம்பி, அதற்கு மேல் 512 எம்பி. பெரும்பாலான எந்திரங்களுக்குப் போதும். ஆனால் அதிவேக அட்டைகளின் டிரைவர்கள் ஒவ்வொரு சிபியூவுக்கும் தனித்தனி வரிசை அமைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் நினைவகம் கேட்கும். தாம் இருப்பது இரண்டாம் கெர்னலுக்குள் என்று அறிந்து சிக்கனமாக நடக்கும் டிரைவர்கள் உண்டு, அறியாதவையும் உண்டு. அளவை உயர்த்தினோம். டம்பை எழுதத் தேவையில்லாத டிரைவர்களை இரண்டாம் கெர்னலின் தொடக்கக் கோப்பிலிருந்து கழற்றினோம். இப்போது முழுதாக எழுந்து, வட்டைக் காணவில்லை என்றது.

நைட்ரோவில் என்விஎம்ஈ வட்டுகளின் பெயர் ஒவ்வொரு முறை எழும்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. முதல் கெர்னலில் பூஜ்யமாக இருந்த வட்டு இரண்டாவதில் ஒன்றாகலாம். டம்ப் போக வேண்டிய இடத்தைப் பெயரால் குறிக்காமல், வட்டின் தனி அடையாள எண்ணால் குறித்தோம். இப்போது டம்ப் விழுந்தது.

வேறு சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். தானாகப் பெருகிச் சுருங்கும் ஏற்பாட்டில் ஓடும் எந்திரம் என்றால், அது பதில் சொல்லவில்லை என்று கண்ட மேற்பார்வை நிரல், டம்ப் எழுதிக்கொண்டிருக்கும்போதே எந்திரத்தை முடித்துவிட்டுப் புதியதை எழுப்பும். வட்டும் சேர்ந்து அழியும்படி அமைத்திருந்தால் டம்பும் போச்சு. சந்தேகத்துக்குரிய எந்திரத்தை அந்த ஏற்பாட்டிலிருந்து பிரித்து வைப்பது ஒன்றே வழி. விழாமல் உறைந்து நிற்கும் எந்திரத்துக்கு, வெளியிலிருந்து ஒரு குறுக்கீடு அனுப்பி விழவைக்கும் வசதியை அமேசான் 2019 ஆகஸ்டில் தந்தது. அது வேலை செய்ய, அறியாத குறுக்கீடு வந்தால் பேனிக் ஆகு என்று கெர்னலிடம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். எதற்கும் மசியாத எந்திர வகை என்றால், அதை நிறுத்திவிட்டு வேறு வகையில் ஏற்றி, அதே கோளாறு அங்கே வருகிறதா என்று பாருங்கள். சொந்த சர்வரில் முடியாத காரியம் இது, கிளவுடில் சில நிமிட வேலை. முழு டம்ப் கிடைக்கவே வழியில்லை என்றால் கடைசி வரிகளையாவது நெட்கன்சோல் வழியாக இன்னொரு எந்திரத்துக்கு அனுப்பி வையுங்கள். நினைவகம் முழுதும் தரும் சாட்சியம் அதில் இராது. ஆனால் எந்தச் செயற்கூறில் விழுந்தது என்பது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டம்பில் நினைவகம் இருக்கிறது என்றால் கடவுச்சொல்லும் நோயாளியின் பெயரும் அதில் இருக்கலாம். ஜப்பானின் என்இசி நிறுவனத்தார் எழுதிய மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி, காலிப் பக்கங்களையும் பயனர் நிரல்களின் பக்கங்களையும் வடிகட்டிவிட்டுக் கெர்னலின் பக்கங்களை மட்டும் எழுதும். கோப்பும் சிறுக்கும், ஆபத்தும் குறையும். முழுதாகப் போகாது. கெர்னலின் சொந்த இடையகங்களில் ஏதாவது மிஞ்சியிருக்கும். டம்பை மறையாக்கம் செய்து வைப்பதும், ஆராய்ந்து முடித்ததும் அழிப்பதும், உதவி கேட்கிறோம் என்று முன்பின் தெரியாதவருக்கு அனுப்பாமல் இருப்பதும் கடமை.

அந்தக் கிளினிக் சர்வர் மறுபடி விழுந்தபோது டம்ப் இருந்தது. காரணம் வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஒரு கண்காணிப்பு மாட்யூல் என்று தெரிந்தது. எடுத்துவிட்டோம். அதற்கு முன் எல்லோரும் கிளவுடைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ரீபூட் செய்தோம், சரியாகிவிட்டது" என்ற பதிலை இனி ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது. காரணம் தெரியாமல் சரியான எந்திரம் சரியாகவில்லை, அடுத்த முறைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. உங்கள் கிளினிக்குக்கோ பள்ளிக்கோ விடுதிக்கோ சர்வர் பார்க்கிறவரிடம், இதே வகை எந்திரத்தில் விழவைத்துப் பார்த்தீர்களா, டம்ப் விழுந்ததா என்று கேளுங்கள். நீங்களே பார்க்கிறவர் என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிறு இரவு, வாடிக்கையாளர் இல்லாத ஒரு சோதனை எந்திரத்தில் இதைச் செய்து பாருங்கள். டம்ப் விழவில்லை என்றால் எந்திர வகை, கெர்னல் பதிப்பு, ஒதுக்கிய அளவு மூன்றையும் குறித்து, உங்கள் லினக்ஸ் வினியோகத்தின் பிழைப் பதிவில் போடுங்கள். ஈஎன்ஏ டிரைவருக்கு வந்தது போன்ற சிறிய திருத்தங்களுக்கு அப்படிப் பதியப்படும் பிழைகள் வழி திறக்கும்.